ஸ்டார்ட் ஆகாத பழைய புல்லட்: முள்ளில் தொடங்கி ஐட்லிங் வரை

உதைத்து உதைத்துக் கால் வலித்த பிறகு, கை தானாகப் போவது கார்பரேட்டர் பக்கம். எங்கள் வீட்டு 1989 புல்லட்டில் நானும் அதைத்தான் செய்தேன். குளிர்ந்த வண்டி ஸ்டார்ட் ஆகும். ஐந்தாறு கிலோமீட்டர் ஓடியதும் முக்கி முனகி நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறப்போட்டால் மறுபடி உயிர் வரும். மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். நான்காவது வாரம், திருச்சி பாலக்கரையில் பழைய வண்டிகள் மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. சாவியைப் போட்டார், டிகம்ப்ரஸரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் சின்ன வால்வின் லீவர்) பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்தினார், ஹெட்லைட் மேலிருக்கும் ஆம்பியர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். “முதல்ல முள்ளைப் பாரு தம்பி. முள்ளு என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு அப்புறம் கார்பரேட்டருக்குப் போ” என்றார். அடுத்து பாயிண்ட் மூடியைத் திறந்தார். காயிலுக்குப் போகும் கரண்ட்டைச் சேர்த்தும் பிரித்தும் விடும் இரண்டு சின்ன முனைகள்தான் பாயிண்ட். கோளாறு கண்டென்சரில் இருந்தது, பாயிண்ட்டில் பொறி தெறிக்காமல் தடுக்கும் சின்ன உருளை அது.

அவர் கற்றுக்கொடுத்த வரிசை இது: முதலில் கரண்ட், அடுத்து பெட்ரோல், அடுத்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம்), கடைசியில்தான் கார்பரேட்டர். 1955-ல் மெட்ராஸில் அசெம்பிள் ஆகத் தொடங்கி, திருவொற்றியூர் ஆலையிலிருந்து அடிப்படை மாறாமல் பல பத்தாண்டுகள் வந்த ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் 346 சி.சி. வார்ப்பிரும்பு சிலிண்டர் இன்ஜினை மனதில் வைத்து எழுதுகிறேன். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், கனத்த ஃப்ளைவீல், பாயிண்ட் இக்னிஷன், வலது காலில் கியர். பாயிண்ட் உள்ள பழைய ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்களுக்கும் இந்த வரிசை பொருந்தும், அளவுகள்தான் மாறும். யமஹா ஆர்எக்ஸ் 100 போல சிடிஐ (பாயிண்ட் இல்லாத மின்னணு இக்னிஷன்) உள்ள வண்டியென்றால் பாயிண்ட், கண்டென்சர் பகுதியைத் தாண்டிவிட்டு மற்றதைப் படியுங்கள்.

ஒரு வேலைக்கு ஒரு மாற்றம்தான். ப்ளக்கை மாற்றினால் உதைத்துப் பாருங்கள். பாயிண்ட்டைத் துடைத்தால் உதைத்துப் பாருங்கள். ஒரே மூச்சில் நாலு இடத்தில் கை வைத்தால், வண்டி ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா பாருங்கள். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். நல்ல பெட்ரோல் மூக்கில் சுருக்கென்று ஏறும். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும், நிறமும் பழுப்பேறியிருக்கும். அதை வைத்துக்கொண்டு கோளாறு தேடுவது வீண் வேலை. முழுவதையும் வடித்துவிட்டு இரண்டு லிட்டர் புதிதாக ஊற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

டிகம்ப்ரஸர் லீவரை ஆட்டிப் பாருங்கள். கேபிளில் கொஞ்சமாவது தொய்வு இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். கிக்கர் லேசாக இறங்குகிறதே என்று பலர் இதை வசதியாக நினைத்துக்கொள்கிறார்கள், வண்டி ஸ்டார்ட் ஆகாததற்கு அதுவே காரணம் என்று தெரியாமல்.

ஹாரன் அடித்துப் பாருங்கள். தொண்டை கட்டியது போல ஒலித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது. இந்த வண்டியில் ப்ளக்குக்குப் போகும் கரண்ட் பேட்டரியிலிருந்துதான் காயிலுக்கு (பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உண்டாக்குவது) போகிறது. பேட்டரி செத்திருந்தால் எவ்வளவு உதைத்தும் பயனில்லை. மல்டிமீட்டர் இருந்தால் 12 வோல்ட் பேட்டரியில் 12.6 அருகில் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை உப்பை வெந்நீர் ஊற்றித் துடைத்து, இறுக்கிவிட்டு, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். பேட்டரியிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் ஒயரையும் மறக்க வேண்டாம். அந்த போல்ட்டில் பெயிண்டோ துருவோ ஒட்டியிருந்தாலே போதும், நாள் முழுக்க அலைய வைக்கும்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியென்றால் இன்னொன்றும் உண்டு. இந்த இன்ஜினில் ஆயில் டேங்க் கிராங்க் கேஸோடு சேர்ந்தே இருப்பதால், நாள்பட நிற்கும்போது ஆயில் மெல்ல மெல்லக் கிராங்க் பக்கம் இறங்கிவிடும். கிக்கர் சேற்றில் கால் வைத்தது போலக் கனக்கும். ஸ்டார்ட் ஆனால் தெருவே மறைகிற அளவு புகை வரும். பயந்து இன்ஜினைப் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி வடித்து, ஆயில் அளவைச் சரிபார்த்து ஊற்றினால் முடிந்தது.

முள் என்ன சொல்கிறது

ஹெட்லைட்டை அணைத்துவிட்டு, சாவியைப் போட்டு, டிகம்ப்ரஸரை இழுத்துப் பிடித்தபடி கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். கண் ஆம்பியர் மீட்டரில் இருக்கட்டும். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயில் வழியாகக் கரண்ட் ஓடும், முள் நடுவிலிருந்து இடது பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் கரண்ட் அறுந்து முள் நடுவுக்குத் திரும்பும். கேம் பாதி வேகத்தில் சுற்றுவதால் இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தடவைதான் இது நடக்கும். அதனால் ஒரே அழுத்தலில் தெரியவில்லையென்றால் நாலைந்து முறை அழுத்திப் பாருங்கள்.

முள் இடதுக்குப் போய் நடுவுக்கு வந்தால் பேட்டரி, சாவி சுவிட்ச், காயிலின் முதல் சுற்று, பாயிண்ட் எல்லாம் ஓரளவு வேலை செய்கின்றன. நேராக ப்ளக்குக்குப் போகலாம்.

முள் அசையவே இல்லையென்றால் கரண்ட் பாயிண்ட் வரை போகவில்லை, அல்லது பாயிண்ட்டைத் தாண்டவில்லை. ஹாரனும் அடிக்கவில்லையென்றால் ஃப்யூஸ், பேட்டரி ஒயர், சாவி சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். ஹாரன் நன்றாக அடித்தும் முள் அசையவில்லையென்றால் பாயிண்ட்டில் எண்ணெயோ அழுக்கோ படிந்திருக்கிறது, இல்லையென்றால் காயிலுக்குப் போகும் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது.

முள் இடது பக்கம் சாய்ந்தே நின்று, எத்தனை முறை கிக்கரை அழுத்தினாலும் நடுவுக்கு வரவில்லையென்றால் பாயிண்ட் திறக்கவில்லை. பாயிண்ட்டின் ஃபைபர் குதி தேய்ந்து இடைவெளி அடைபட்டுப் போயிருக்கும், அல்லது பாயிண்ட் ஒயர் உரிந்து எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். முள் இடதில் இருக்கும் நிலையில் சாவியைப் போட்டபடி டீ குடிக்கப் போய்விடாதீர்கள். காயில் சூடேறிக் கருகிவிடும்.

இதே முள்ளை வைத்துத்தான் சரியாக உதைக்கவும் வேண்டும். கிக்கர் கனத்து நிற்கும் இடம் வரை அழுத்துங்கள். அங்கே டிகம்ப்ரஸரை இழுத்து, முள் நடுவுக்கு வரும் வரை மெல்ல இறக்குங்கள், அதைத் தாண்டி ஒரு மயிரிழை. இரண்டையும் விட்டுவிடுங்கள், கிக்கர் மேலே வரட்டும். ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், ஒரே சீராக அடி வரை உதையுங்கள். அவசரமாகப் பாதியில் குத்தி உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். செருப்புக் காலோடு உதைத்துக் கணுக்கால் வீங்கியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். ஷூ போட்டுக்கொள்ளுங்கள். முறையாக உதைத்தும் திரும்பத் திரும்பத் திருப்பி அடித்தால் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், முந்தியிருக்கிறது என்று அர்த்தம். அதைப் பாயிண்ட் பகுதியில் சொல்கிறேன்.

ப்ளக்

நாலைந்து உதைக்குப் பிறகு ப்ளக்கைக் கழற்றுங்கள். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட்தான் இல்லை அல்லது பெட்ரோல் ஓவராகிவிட்டது. கறுப்பாகக் கரி பூசியிருந்தால் கலவை கெட்டி (காற்றுக்குப் பெட்ரோல் அதிகம்), அல்லது கரண்ட் சோனி. பளபளவென்று எண்ணெய் ஒட்டியிருந்தால் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்து ஆயில் மேலே ஏறுகிறது.

ப்ளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பு ஹெட்டின் விசிறியில் (சூட்டை வெளியேற்றும் தகடுகள்) நன்றாகப் படும்படி வைத்து, ஒருவரை உதைக்கச் சொல்லுங்கள். ப்ளக் ஓட்டைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். அந்த ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். தள்ளி, எதிர்ப்பக்க விசிறியில் வையுங்கள். நீலமாக, படக் படக் என்று சத்தம் கேட்கிற மாதிரி அடித்தால் நல்ல கரண்ட். மஞ்சளாக, நூல் போல, அடித்தும் அடிக்காமலும் இருந்தால் அது வெளியில் அடித்தாலும் சிலிண்டருக்குள் கம்ப்ரஷன் அழுத்தத்தில் அடிக்காது. இடைவெளி 0.5-லிருந்து 0.6 மி.மீ. வரை இருக்கட்டும். நம்பிக்கையான ஒரு புது ப்ளக்கை எப்போதும் டூல் பாக்ஸில் வைத்திருங்கள், சந்தேகம் வந்தால் மாற்றிப் பார்ப்பதுதான் சீக்கிரமான சோதனை.

ப்ளக் ஒயரைப் பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். ரப்பர் வெடித்த ஒயரில் காயிலிலிருந்து கேப் வரை ஆங்காங்கே நீலமாக மினுக்கும். மழையில் மட்டும் நின்றுபோகும் வண்டிகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பாயிண்ட்டும் கண்டென்சரும்

பழைய புல்லட்டின் பாதி வியாதி இந்த உள்ளங்கை அகல டப்பாவுக்குள் இருக்கிறது. நிதானமாகப் பாருங்கள்.

மூடியைத் திறந்ததும் பாயிண்ட்டின் இரண்டு முகங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல பாயிண்ட் மங்கலான சாம்பல் நிறத்தில் தட்டையாக இருக்கும். ஒரு முகத்தில் குழியும் மறு முகத்தில் மேடுமாக இருந்தால் கண்டென்சர் சரியில்லை. மேட்டையும் குழியையும் நைஸான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சமன் செய்யலாம். தேய்த்த பிறகு உப்புத்தாள் தூள் உள்ளேயே தங்கும், அதை விட்டுவிட்டால் மறுபடி கரண்ட் தாண்டாது. பெட்ரோலில் நனைத்த வெள்ளைத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு வெள்ளைக் காகிதத் துண்டைப் பாயிண்ட் நடுவில் வைத்து மூடி மெல்ல இழுங்கள். காகிதத்தில் கறுப்புக் கோடு விழுவது நிற்கும் வரை இதைச் செய்யுங்கள்.

அடுத்தது இடைவெளி. கிக்கரை மெல்ல அழுத்தி, கேமின் மேடு ஃபைபர் குதியில் ஏறிப் பாயிண்ட் முழுக்கத் திறந்த இடத்தில் நிறுத்துங்கள். ஃபீலர் கேஜில் 0.35-லிருந்து 0.40 மி.மீ. வரை. இறுக்கவும் இல்லாமல் தொளதொளப்பாகவும் இல்லாமல், தாள் லேசாக உரசிக்கொண்டு நுழைய வேண்டும். ஸ்க்ரூவை இறுக்கியதும் இன்னொரு முறை அளந்து பாருங்கள், இறுக்கும்போதே இடைவெளி நகர்ந்துவிடும். கேமில் அரிசி மணி அளவு கிரீஸ் தடவுங்கள், குதி தேயாமல் காக்கும். அதற்கு மேல் தடவினால் சூட்டில் உருகிப் பாயிண்ட்டில் தெறிக்கும்.

இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் சேர்ந்து மாறும் என்பதை மறக்கக் கூடாது. இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்கூட்டியே திறந்து பொறியும் முந்தும், குறைந்தால் பிந்தும். அளவுக்கு மேல் இடைவெளி வைத்துவிட்டு, வண்டி திருப்பி அடிக்கிறது என்று வருந்துபவர்கள் உண்டு. அதனால் எப்போதும் இடைவெளி முதலில், டைமிங் பிறகு. வேகம் ஏற ஏறப் பொறியை முந்தவைக்க, பாயிண்ட் தட்டுக்குக் கீழே இருக்கும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகளையும் விரலால் விரித்துப் பாருங்கள். விட்டதும் ஸ்ப்ரிங் சட்டென்று உள்ளே இழுக்க வேண்டும். கிரீஸ் காய்ந்து எடை விரிந்தபடியே ஒட்டிக்கொண்டால் கிக்கர் திருப்பி அடிக்கும், ஐட்லிங்கும் இறங்காமல் மேலேயே நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகக் கார்பரேட்டரைப் பலமுறை பிரித்தவர்கள் இருக்கிறார்கள்.

கண்டென்சரை எப்படித் தெரிந்துகொள்வது? மூடியைத் திறந்தபடி, வெளிச்சம் குறைந்த இடத்தில், வண்டியை ஸ்டார்ட் செய்து பாயிண்ட்டைப் பாருங்கள். நல்ல கண்டென்சர் என்றால் பாயிண்ட் நடுவில் குண்டூசித் தலை அளவில் மங்கலான பொறி தெரியும், சில நேரம் அதுவும் தெரியாது. கெட்ட கண்டென்சர் என்றால் வெல்டிங் வைப்பது போல நீலமும் வெள்ளையுமாகப் பளிச் பளிச்சென்று அடிக்கும். ப்ளக்கில் அடிக்க வேண்டிய பலம் அங்கே வீணாகிறது. பாலக்கரை மெக்கானிக் எனக்குக் காட்டியது அந்தப் பளிச்சிடலைத்தான். ஆறியிருக்கும்போது நன்றாக ஓடி, சூடேறினால் நின்று, ஆறினால் மறுபடி ஓடும் வண்டிக்குக் கண்டென்சரை முதலில் சந்தேகப்படுங்கள்.

புதுக் கண்டென்சர் என்பதாலேயே நம்பிவிட வேண்டாம். நான் வாங்கிய முதல் கண்டென்சர் பளபளப்பான கவரில், பெரிய பெயரோடு வந்தது. இரண்டே வாரத்தில் அதே கோளாறு. புதுசு போட்டிருக்கிறோமே என்ற நினைப்பில் வேறு எங்கெங்கோ தேடினேன். பிறகு வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போகும்போது இரண்டு வாங்கிவந்து ஒன்றை மாட்டினேன், மற்றொன்று டூல் பாக்ஸில் இருக்கிறது. நீண்ட பயணம் போகிறவர்கள் ப்ளக், பாயிண்ட் செட், கண்டென்சர், கிளட்ச் கேபிள் நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிப் பார்த்து நன்றாக ஓடிய பழையதை எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

பெட்ரோல் வருகிறதா

கரண்ட் சரி, ப்ளக் காய்ந்திருக்கிறது என்றால் இங்கே வாருங்கள். வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். கார்பரேட்டர் பக்கத்துப் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு டேப்பைத் திறந்தால் பெட்ரோல் தடையில்லாமல் கம்பியாக ஓட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேப் வலையில் துருவும் அழுக்கும். நன்றாக ஓட ஆரம்பித்துப் போகப் போக மெலிந்தால் டேங்க் மூடியின் காற்றோட்டை அடைபட்டிருக்கிறது. மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். ஓடும்போது நின்றுபோய், மூடியைத் திறந்து மூடியதும் மறுபடி ஓடுகிற வண்டிக்கும் இதுதான் காரணம்.

அந்தப் பாட்டிலைக் கால் மணி நேரம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். அடியில் பாதரசம் போல உருண்டைகளோ தனி அடுக்கோ தெரிந்தால் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த வண்டிகளில் சாதாரணமாகப் பார்க்கலாம். இப்போது இதில் கூடுதல் கவனம் வேண்டியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமாகி, 2025-க்குள் நாடு முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓரளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும், டேப் வழியாக முதலில் இறங்குவதும் அதுதான். பழைய ரப்பர் பைப்பும் வாஷரும் இந்தப் பெட்ரோலுக்காகச் செய்தவை அல்ல. உப்பியிருந்தால், பிசுபிசுத்தால், வளைத்ததும் வெடித்தால், எத்தனால் தாங்கும் பைப்பாகப் பார்த்து மாற்றிவிடுங்கள். வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடிவிட்டு, கார்பரேட்டரில் இருக்கும் பெட்ரோல் தீரும் வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

பெட்ரோல் ஓவராகி ப்ளக் நனைந்திருந்தால்: டேப்பை மூடி, சாவியை எடுத்து, சோக்கை விட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கி, டிகம்ப்ரஸரைப் பிடித்தபடி பத்துப் பன்னிரண்டு முறை கிக்கரை இறக்குங்கள். ப்ளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டி, சோக் இல்லாமல் உதையுங்கள்.

கம்ப்ரஷன், டேப்பெட்

டிகம்ப்ரஸரைத் தொடாமல் கிக்கர் மேல் நின்றால், நல்ல இன்ஜின் உங்கள் எடையைச் சில நொடிகளாவது தாங்கி, மெல்ல மெல்ல இறங்கும். கால் வைத்ததும் சர்ரென்று இறங்கினால் கம்ப்ரஷன் இல்லை. ப்ளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றி இரண்டு முறை சுற்றிவிட்டுப் பாருங்கள். இப்போது தாங்கினால் ரிங் தேய்ந்திருக்கிறது, அப்போதும் தாங்கவில்லையென்றால் வால்வில் கோளாறு.

வால்வு என்றதும் ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை. முதலில் டேப்பெட், அதாவது வால்வைத் திறக்கும் புஷ்ராட் கம்பிகளின் தளர்வு. இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்படி வைத்து, வலது பக்கத்துச் சின்ன மூடியைத் திறந்தால் இரண்டு புஷ்ராடும் தெரியும். இரண்டும் விரலால் சுற்றினால் லேசாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. இதற்கு ஃபீலர் கேஜ் வேண்டாம், விரல்தான் அளவு. சுற்றவில்லையென்றால் வால்வு முழுக்க மூடாமல் நிற்கிறது. சூடானதும் இன்னும் மோசமாகி, நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சிக்னலில் நின்றுவிடும், வால்வும் கருகும். டேப்பெட் சத்தம் போடும் வண்டியைவிடச் சத்தமே இல்லாமல் இறுகிப்போன வண்டிதான் என்னைப் பயப்படுத்தும்.

இப்போது கார்பரேட்டர்

கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரைக் கழற்றி அடியில் என்ன படிந்திருக்கிறது என்று பாருங்கள். துருத்தூள் இருந்தால் கார்பரேட்டரோடு டேங்க்கையும் கழுவ வேண்டும். பெட்ரோலை அளந்து விடும் ஓட்டைத் திருகுகளான மெயின் ஜெட்டையும் (வேகத்துக்கு) ஸ்லோ ஜெட்டையும் (ஐட்லிங்குக்கு) கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஸ்லோ ஜெட்டின் ஓட்டை முடி நுழையும் அளவுதான், அதற்குள் வட்டமான வெளிச்சப்புள்ளி தெரிய வேண்டும். ஊசி, கிளட்ச் கேபிள் கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள். பித்தளை ஓட்டை பெரிதாகிவிட்டால் ஜெட் குப்பைக்குத்தான். கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு ஊதுங்கள். பிடிவாதமான அடைப்பென்றால் மெல்லிய செப்பு ஒயரின் ஒரே ஒரு இழையை விட்டு எடுக்கலாம். ஜெட்டை மட்டும் சுத்தம் செய்து உடம்பில் இருக்கும் துவாரங்களை விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. ஐட்லிங் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவின் ஓட்டையில் ஸ்ப்ரே அடித்தால் உள்துளைகள் வழியாக வெளியே பீய்ச்ச வேண்டும். ஸ்ப்ரே அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஆக்ஸிலேட்டர் கேபிள் மேலே தூக்கும் ஸ்லைடைக் கையால் ஆட்டிப் பாருங்கள். தேய்ந்து டக்டக்கென்று ஆடினால் அதன் ஓரமாகக் காற்று புகுந்து ஐட்லிங் ஒரு நாளும் நிலையாக நிற்காது. மாட்டும்போது ஹெட் பக்கத்து இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக, அளவாக இறுக்குங்கள். வெறியோடு இறுக்கினால் முகம் வளைந்து, அங்கேயே காற்று புகும்.

ஐட்லிங் வைக்கும் முறை

இதை ஆறிய இன்ஜினில் செய்தால் பலனில்லை. ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, சோக் முழுதாக விடப்பட்டிருக்கிறதா, ஆக்ஸிலேட்டர் கேபிளில் கொஞ்சம் தொய்வு இருக்கிறதா என்று பாருங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். திருப்பும்போது இன்ஜின் வேகம் ஏறினால் கேபிள் இறுக்கம், அதைச் சரிசெய்யாமல் மற்றதைத் தொட வேண்டாம்.

1. ஐட்லிங் ஸ்க்ரூவை உள்ளே திருகி, வண்டி நிற்காத அளவுக்குக் கொஞ்சம் வேகமாக ஓடவிடுங்கள்.
2. வண்டியை நிறுத்தி, ஏர் ஸ்க்ரூவைத் திருப்புளியால் மெல்ல உள்ளே திருகுங்கள். எத்தனை சுற்று போகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். தட்டியதும் விட்டுவிடுங்கள், இறுக்கினால் முனை நசுங்கும்.
3. அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள்.
4. கால் கால் சுற்றாக உள்ளேயும் வெளியேயும் திருப்பி, ஒவ்வொரு முறையும் பத்து நொடி காத்திருந்து கேளுங்கள். உள்ளே திருப்பினால் காற்று குறைந்து கலவை கெட்டியாகும், வெளியே எடுத்தால் இளகும். இன்ஜின் எங்கே வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்துங்கள்.
5. ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முறுக்கி விடுங்கள். திணறாமல் ஏறி, தொங்காமல் இறங்க வேண்டும். திணறினால் ஏர் ஸ்க்ரூவை எட்டில் ஒரு சுற்று உள்ளே.

ஏர் ஸ்க்ரூவை எப்படித் திருப்பினாலும் இன்ஜினில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் ஸ்லோ ஜெட் இன்னும் அடைபட்டிருக்கிறது. சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது என்றால் அதே அடைப்பு, அல்லது எங்கோ காற்று புகுகிறது. காற்று புகுவதைக் கண்டுபிடிக்கச் சிரிஞ்சில் சோப்புத் தண்ணீர் எடுத்து, ஐட்லிங்கில் ஓடும்போது கார்பரேட்டரும் ஹெட்டும் சேரும் இடத்தைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு இடத்தில் விட்டதும் ஓட்டம் மாறினால் அங்கேதான் ஓட்டை. பேக்கிங்கை மாற்றுங்கள், முகம் வளைந்திருந்தால் கண்ணாடி மேல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சமன் செய்யுங்கள். பெட்ரோல் தெளித்துப் பார்ப்பவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள், சூடான சைலன்ஸர் பக்கத்திலேயே இருக்கிறது.

வேகம் ஏறிய பிறகு இறங்க மறுத்துத் தொங்கினால்: காற்றுக் கசிவு, ஒட்டிக்கொள்ளும் ஸ்லைடு, ஒட்டிக்கொண்ட ஆட்டோ அட்வான்ஸ். மூன்றில் ஒன்று. ஆக்ஸிலேட்டரை விடும்போது சைலன்ஸரில் பட் பட்டென்று வெடித்தால், பைப் ஹெட்டில் சேரும் இடத்தைப் பாருங்கள், பிறகுதான் ஏர் ஸ்க்ரூ. கறுப்புப் புகையோடு குமுறி ஓடினால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் புகுந்து மூழ்கியிருக்கலாம். ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சலசலப்பது கேட்கும்.

புல்லட்டுக்கு இன்ஜின் வேகம் காட்டும் டேகோமீட்டர் கிடையாது. காதுதான் மீட்டர். ஒவ்வொரு அடியும் தனியாகக் கேட்க வேண்டும், ஆனால் அடுத்த அடிக்குச் சந்தேகம் வரக் கூடாது. மெதுவாக அடிப்பது அழகுதான் என்றாலும் மிகவும் இறக்கி வைத்தால் ஆயில் பம்ப்பும் அதே மெதுவில்தான் சுற்றும், மேலே ராக்கர் வரை ஆயில் போய்ச் சேரத் திணறும். சீராக நின்றதும் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் முள் இடமும் நடுவுமாகத் துடித்துக்கொண்டிருக்கும். மெல்ல வேகம் ஏற்றினால் துடிப்பு அடங்கி முள் வலது பக்கம் நகர வேண்டும், பேட்டரிக்கு சார்ஜ் ஏறுகிறது. நகராமல் நடுவுக்கு இடதிலேயே நின்றால், இன்று ஸ்டார்ட் ஆன வண்டி இன்னும் இரண்டு மூன்று நாளில் பேட்டரி இறங்கி மறுபடி நிற்கும். ரெக்டிஃபையரையும் ஆல்டர்னேட்டர் ஒயர் கனெக்டரையும் அதற்குள் பார்த்துவிடுங்கள்.